பீரோச் சாவி யாரிடம்?

தமிழக அரசுப் பள்ளிகளில் நூலகம் எங்கே என்று கேட்டால், பல ஊர்களில் ஓர் இரும்பு பீரோவைக் காட்டுவார்கள். தலைமையாசிரியர் அறையின் மூலையில் அது நிற்கும். தலைமேல் வரைபடச் சுருள்களும் விளையாட்டு விழாக் கோப்பைகளும் இருக்கும். உள்ளே நூல்கள் உண்டு, அவற்றில் நல்ல நூல்களும் உண்டு. சாவி பொறுப்பாசிரியரிடம். அவர் விடுப்பு எடுத்தால் பீரோவும் விடுப்பு எடுத்துக்கொள்ளும்.

இதற்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. தமிழோ சமூக அறிவியலோ நடத்துகிற ஒருவர் தலையில்தான் அந்தப் பொறுப்பும் வந்து விழுகிறது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு நூலுக்கும் அவர் கையெழுத்திட்டிருக்கிறார். தணிக்கையில் ஒரு நூல் குறைந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஆண்டு முழுக்க ஒரு நூல்கூட வெளியே போகவில்லை என்றால் ஏன் என்று கேட்பவர் யாருமில்லை. இப்படியோர் ஏற்பாட்டில் விவரமான ஆள் என்ன செய்வாரோ அதைத்தான் அவரும் செய்கிறார். பூட்டி வைக்கிறார்.

காகிதத்தில் குறையேதும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலகத்துக்கென்று பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை மானியம் உண்டு. பள்ளிக்கு வெளியே பார்த்தால், விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. 1948-இல் வந்த அந்தச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியையும் மக்கள் கட்டுகிறார்கள். இன்று அது சொத்து வரியில் பத்து விழுக்காடு. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று நாலாயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் அந்தப் பணத்தை நம்பி நடக்கின்றன. நூல் இல்லாத மாநிலமல்ல தமிழகம். பிள்ளையின் கைக்கும் நூலுக்கும் நடுவில் நிற்பது எது என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சீர்காழிக்காரர் ஒருவர் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதிவைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924-இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியர். நூலகத் தொழில் அவருக்குப் புதிது. பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றவர், குராய்டன் நகரப் பொது நூலகத்தில் பெர்விக் சேயர்ஸிடம் வேலை பழகினார். சேயர்ஸ் சிறுவர் நூலகங்களுக்காகவே நூல் எழுதிய மனிதர். திரும்பி வந்த ரங்கநாதன், வாசகர்கள் தாமே அலமாரிக்குப் போய் நூலை எடுத்துப் புரட்டும் திறந்த அடுக்கு முறையைச் சென்னையில் கொண்டுவந்தார். 1931-இல் வெளியான அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ நூலில் முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கானவை என்பதுதான். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் மேசையோடு பிணைத்து வைத்திருந்த கதையை அங்கே விரிவாகச் சொல்கிறார். இன்றைய பீரோ அந்தச் சங்கிலியின் பேரப்பிள்ளை.

அதே 1931-இல், அக்டோபர் மாதம், மன்னார்குடி வட்டாரத்தில் ஒரு மாட்டுவண்டி புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளரின் முயற்சி அது. வண்டிக்குள் நெல் மூட்டை இல்லை, நூல்கள் அடுக்கியிருந்தன. வாசகர் நூலகத்துக்கு வர வேண்டும் என்று காத்திராமல் நூலகமே ஊர் ஊராகப் போனது. ரங்கநாதனும் இதில் ஊக்கத்தோடு உடனிருந்தார். நடமாடும் நூலகம் என்று இன்று வேன்களில் எழுதியிருப்பதைப் பார்க்கிறவர்கள் இந்த வண்டித் தடத்தை நினைத்துக்கொள்ளலாம்.

தமிழகத்தில் வாசிப்பு தழைத்த காலங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். யாரோ ஒருவர் பூட்டைத் திறந்து நூலைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் அப்படித்தான் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட காலம் அது. புதிதாக எழுத்தறிந்தவர்களுக்குத் தடித்த நூல்கள் உதவவில்லை. பெரிய எழுத்தில், சில பக்கங்களில் முடிந்துவிடுகிற சிறு நூல்களைத் தயாரித்துத் தெருவிளக்கடியில் கூடி உரக்க வாசித்தார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் சிறுவர்களுக்காகத் ‘துளிர்’ இதழை நடத்திவந்தது. பெரியவர்களுக்கு எழுத்தும் பிள்ளைகளுக்கு அறிவியலுமாக ஒரே தொண்டர் கூட்டம் ஊருக்குள் புழங்கியது. இன்று சிறுவர் நூல்களோடு பள்ளிகளில் ஏறியிறங்குகிற ஆசிரியர்கள் சிலருக்கு அந்த இயக்கமே பள்ளிக்கூடம்.

பிறகு செயல்வழிக் கற்றல் காலத்தில் தொடக்கப் பள்ளிகளுக்குப் ‘புத்தகப் பூங்கொத்து’ வந்தது. வகுப்பறையில் குறுக்கே கயிறு கட்டி, பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கதைப் புத்தகங்களைத் தொங்கவிடும் திட்டம். சாவி இல்லை, பதிவேடு இல்லை. மதிய உணவுக்குப் பின் ஒரு பிள்ளை படத்தைப் பார்க்கலாம், இன்னொன்று எழுத்துக்கூட்டலாம். சில மாதங்களில் நூல்களின் ஓரம் கிழிந்தது, அட்டை கழன்றது. அதைக் கண்ட சில பள்ளிகளில் நூல்கள் மீண்டும் அட்டைப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தன. கிழிந்த புத்தகம் வாசிக்கப்பட்ட புத்தகம் என்று எடுத்துக்கொள்ள நம் பள்ளி நிர்வாகம் இன்னும் பழகவில்லை.

பெருந்தொற்று இந்தக் கதையை வேறு பக்கம் திருப்பியது. பிள்ளைகளின் கற்றல் திறனை அளக்கும் ஏசர் ஆய்வின்படி, தமிழக ஊரகப் பகுதிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 2018-இல் ஐந்தில் இருவர். 2022-இல் அது நான்கில் ஒருவராகச் சரிந்தது; 2024 அறிக்கையில் ஓரளவு மீண்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை நேரங்களில் தெருத் திண்ணைகளையும் கோயில் மண்டபங்களையும் வகுப்பாக்கியது. ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருப் பெண்கள், இதில் பணியாற்றினார்கள். 2022 ஜூனில் கூகுள் ரீட் அலாங் செயலியை வைத்து ஒரு வாசிப்பு மாரத்தானும் நடந்தது. செல்பேசித் திரையில் வரும் கதையைப் பிள்ளை உரக்க வாசிக்க, செயலி சொற்களை எண்ணிக்கொள்ளும். எந்த ஒன்றியம் எத்தனை சொல் என்று பட்டியல்கூட வந்தது. எழுத்துக்கூட்டும் பயிற்சிக்கு இது உதவியிருக்கும். ஆனால் கதையில் வருகிற முயல் ஏன் ஓடியது என்று எந்தப் பட்டியலும் கேட்காது.

அவ்வகையில் 2023-இல் வந்த ‘வாசிப்பு இயக்கம்’ ஒரு படி மேலே போனது. பள்ளிக் கல்வித் துறை ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு நூல்களை ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்று நான்கு நிலைகளாகப் பிரித்து அச்சிட்டது. நுழை நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிகள், மீதியெல்லாம் படம். பற நிலைக்கு வரும்போது பிள்ளை ஒரு முழுக்கதையைத் தனியாக வாசித்துவிடும். வகுப்பைப் பாராமல் வாசிப்புத் திறனைப் பார்த்து நூலைக் கொடுப்பது இதன் அடிப்படை. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் திணறித் திணறி வாசிக்கும் எட்டாம் வகுப்புப் பையனின் நிலையில் நின்று பார்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பாடநூலை அவன் கையில் கொடுத்தால் கூனிக் குறுகிப் போவான். மெல்லிய, புதிய, எந்த வகுப்பின் பெயரும் அட்டையில் இல்லாத ஒரு கதை நூலைக் கொடுத்தால் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவான். ஆசிரியர்கள் பலர் சொல்லும் செய்தியும் இதுதான்: நூல் சிறியது, முடிகிறது, முடித்த நூல் அடுத்த நூலைக் கேட்கிறது.

ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வாரம் ஒரு நூலகப் பாடவேளை என்ற ஏற்பாடும் பெருந்தொற்றுக்குப் பின் உயிர் பெற்றது. தொடக்க வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, நடுநிலை வகுப்புகளுக்குத் ‘தேன்சிட்டு’ என்று துறையே இதழ்களை வெளியிடுகிறது. போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்கள் 2022 நவம்பரில் ஷார்ஜா புத்தகக் காட்சிக்கு விமானம் ஏறினார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு நூல் ஒன்று விமானப் பயணமாக மாறியது நல்ல செய்திதான். இருந்தாலும் போட்டி தன் நிழலையும் கூட்டிக்கொண்டு வருகிறது. நூலை எடுத்தவுடன் சுருக்கம் எழுது, நீதி என்ன சொல், மதிப்புரையை வாசித்துக் காட்டு என்று ஆரம்பித்தால், நூலகப் பாடவேளை இன்னொரு தமிழ்ப் பாடவேளையாகிவிடும். வாசித்துவிட்டுச் சும்மா இருக்கும் உரிமையும் பிள்ளைக்கு வேண்டும். பாதியில் மூடிவைக்கும் உரிமை அதைவிட முக்கியம்.

பொது நூலகங்கள் பக்கம் திரும்பினால் இரண்டு காட்சிகள் கண்ணில் படும். சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பரில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவின் நடுவே ஒரு செயற்கை மரம் கிளைவிரித்து நிற்கிறது. அதன் அடியில் பிள்ளைகள் புரட்டிக்கொண்டிருப்பதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. விடுமுறை நாள்களில் பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் குடும்பத்தோடு வருகிறார்கள். இன்னொரு காட்சி ஊராட்சிகளில். 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. அப்போதே நூல்களும் வந்தன. ஆள்தான் நிலைக்கவில்லை. அவற்றில் கணிசமானவை நாளடைவில் பூட்டிக் கிடந்தன. சிலவற்றில் ரேஷன் மூட்டைகளும் தேர்தல் சாமான்களும் குடியேறின. பெருநகர மாளிகைக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு துளி அந்தச் சிறு கட்டடங்களின் பக்கம் விழுந்திருந்தால், பிள்ளை பேருந்து ஏற வேண்டியதில்லை.

இயங்கிவரும் கிளை நூலகங்களுக்கு ஒரு வசதி உண்டு, அதைப் பள்ளிகள் சரியாகப் பயன்படுத்துவதில்லை. பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். அதாவது பள்ளி மூடிய நாளில் நூலகம் திறந்திருக்கிறது. ஆசிரியர் ஒருமுறை வகுப்போடு நடந்துபோய் உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், மீதியைத் தெருக்கூட்டாளிகள் பார்த்துக்கொள்வார்கள். நூலகத்தோடு இணைந்த வாசகர் வட்டங்கள் சில ஊர்களில் கதைசொல்லலும் கோடை முகாமும் நடத்துகின்றன. நவம்பர் 14 அன்று குழந்தைகள் நாளோடு நூலக வாரமும் தொடங்குவதால், அந்த ஏழு நாள்கள் எங்கும் கலகலப்புதான். எட்டாம் நாளுக்கு யாரும் திட்டம் போடுவதில்லை.

அடுக்கில் என்ன இருக்கிறது என்பதும் பேச வேண்டிய விஷயம். அழ. வள்ளியப்பா காலத்தில் சிறுவர் இதழ்கள் வீடு தேடி வந்தன. அப்படி வந்துகொண்டிருந்த ‘கோகுலம்’, ‘சுட்டி விகடன்’ இரண்டும் 2020-இல் அச்சில் நின்றுபோயின. இதழ் தேய்ந்த அதே காலத்தில் நூல் வளர்ந்தது. சென்னையின் தூலிகா 1990-களிலிருந்தே தமிழ் உட்படப் பல மொழிகளில் படநூல்கள் வெளியிடுகிறது. பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வரிசை எளிய விலையில் பள்ளிகளுக்குள் போய்ச் சேர்ந்தது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக வாசிக்கலாம், அச்சிடவும் செய்யலாம். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ என்று பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நூல்களின் பட்டியலைப் பார்த்தாலே மாற்றம் தெரியும். குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிக் குழந்தைகளிடமே பேசுகிற நூல் அதில் உண்டு. குறை பதின்பருவத்தில்தான். படக்கதையைத் தாண்டி, பொன்னியின் செல்வனுக்கு இன்னும் தயாராகாத பதின்மூன்று வயதுக்கு நம் அடுக்கில் நூல்கள் சொற்பம். சரியாக அந்த வயதில்தான் செல்பேசியும் கைக்கு வருகிறது.

அரசுக்கு வெளியே நடப்பவற்றிலும் கற்க நிறைய உண்டு. ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டிப் பள்ளி மாணவர்களுக்கு உண்டியல் கொடுத்தார்கள். ஆண்டு முழுக்கச் சில்லறை சேர்த்து, திருவிழாவில் உடைத்துத் தன் காசில் தன் நூலை வாங்க வேண்டும். தூத்துக்குடியில் ஒரு முடிதிருத்தும் கடையில் நூலக அடுக்கு இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் வாசிப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை. ஒன்றில் நூல் பிள்ளையின் சொந்தப் பொருளாகிறது, மற்றதில் காத்திருப்பின் துணையாகிறது. இரண்டிலும் யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

பதிவேட்டுப் பயத்துக்கு மருந்து வெகு தொலைவில் இல்லை. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் நூலகங்களுக்கென்றே ஒரு விதி உண்டு. ஓராண்டில் வழங்கப்பட்டும் பார்வையிடப்பட்டும் போன ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை தொலைந்தால், நேர்மைக் குறைவோ அலட்சியமோ இல்லாதவரை, அதை இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்கிறது அது. விதி மத்திய அரசு நூலகங்களுக்கானது. ஆனால் அதன் கணக்கு பள்ளிக்கும் பொருந்தும். இருநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆளுக்கு வாரம் ஒரு நூல் வீட்டுக்குப் போனால், நாற்பது வாரங்களில் எட்டாயிரம் முறை நூல் கைமாறும். அந்த விகிதப்படி நாற்பது நூல்கள்வரை தொலையலாம். பொறுப்பாசிரியர் யாருக்கும் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதில்லை. வெளியே போன நூல்களை வைத்தே விதி சலுகையைக் கணக்கிடுகிறது. ஒரு நூலும் வெளியே போகாத பீரோவுக்கு அதில் கிடைப்பது பூஜ்யம்.