கை சொல்வதைக் கேட்டு பேஸ் வாங்குங்கள்

பேஸ் கிட்டார் வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட இரண்டு கருவிகள் ஒரே கம்பெனியில், ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்யப்பட்டவை. டெட்ராயிட்டின் மோடவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது 1962-ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரசிஷன். ஃப்ளோரிடாவில் வளர்ந்த ஜாக்கோ பாஸ்டோரியஸ் கையில் இருந்தது, அதே 1962-ஐச் சேர்ந்தது என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் ஃபெண்டர் ஜாஸ் பேஸ். இரண்டுக்கும் நான்கு கம்பி, இரண்டுக்கும் 34 அங்குல ஸ்கேல். ஆனால் ஒன்றின் ஒலி மற்றொன்றில் வராது. எந்த பேஸ் வாங்கலாம், எந்தப் பெடல் வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் முதலில் இந்த இரண்டு பேரின் வலது கையைப் பார்க்க வேண்டும். பந்து மட்டையின் எந்த இடத்தில் படுகிறது என்று ஸ்லோ மோஷனில் பார்க்கிறோமே, அந்தக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

ஜேமர்சன் டபுள் பேஸிலிருந்து வந்தவர். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்து வாசித்தார். கூட இருந்தவர்கள் அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். மற்ற விரல்களை பிக்-அப்பின் மேலிருக்கும் குரோம் மூடியில் ஊன்றிக்கொள்வார். கம்பிகள் லாபெல்லா கம்பெனியின் தடித்த ஃபிளாட்வவுண்ட். மேலே பட்டையான நாடா சுற்றியதால் வழவழப்பாக இருக்கும் கம்பி அது. அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். கம்பிக்கும் ஃபிரெட் பலகைக்கும் நடுவே இடைவெளி மிக அதிகம். மற்றவர்கள் அந்தக் கருவியை வாசிக்கத் திணறினார்கள். பிரிட்ஜ் மூடிக்குள் ஃபெண்டரே வைத்து அனுப்பிய ஸ்பாஞ்சுத் துண்டையும் அவர் எடுக்கவில்லை.

இத்தனையும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஸ்வரம் திண்ணென்று எழும், சட்டென்று அடங்கும். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே காற்று இருக்கும். 1967-இல் வந்த ஸ்டீவி வொண்டரின் ‘ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்’ பாடலைக் கேளுங்கள். பேஸ் ஓயாமல் ஓடுகிறது, குறுக்கு வழியெல்லாம் போகிறது, ஆனால் பாடகரை ஒரு இடத்தில்கூட மூடுவதில்லை. அவ்வளவு சுரங்களை வாசிக்கும் ஒருவருக்கு ஒவ்வொன்றும் சீக்கிரம் அடங்கினால்தான் வழி உண்டு. அந்த ஸ்பாஞ்சும் பழைய கம்பியும் அவருடைய வாசிப்புக்கு அப்படித்தான் இடம் செய்து கொடுத்தன.

ஜாக்கோவின் கணக்கு முழுக்க வேறு. அவருடைய பேஸில் ஃபிரெட்களே இல்லை. ஃபிரெட் இருந்த பள்ளங்கள் அடைக்கப்பட்டிருந்தன. வலது கை பிரிட்ஜுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பின் பிக்-அப்பைத்தான் அதிகம் நம்பினார். கம்பி ரோட்டோசவுண்ட் ரவுண்ட்வவுண்ட். வரிவரியாக இருக்கும், பளீரென்று ஒலிக்கும். ஃபிரெட் இல்லாத மரத்தில் அந்தக் கம்பியை அழுத்தி இழுத்தால் அரம் போல அறுக்கும். அதனால்தான் படகுக்குப் பூசும் எபாக்சியை ஃபிங்கர்போர்டு மேல் பூசினார். மரத்தைக் காப்பாற்றப் பூசியது ஒலியையும் மாற்றிவிட்டது: கண்ணாடி மாதிரி கெட்டியான பரப்பில் ஸ்வரம் நீண்டு பாடத் தொடங்கியது. 1976-இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தில் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி’ என்ற துண்டு ஏறக்குறைய முழுக்க ஹார்மானிக்ஸால் ஆனது. கம்பியை அழுத்தாமல் தொட்டு எடுக்கும் மணியோசை அது. அதை ஜேமர்சனின் பேஸில் வாசிக்க முயன்றால் பாதி ஸ்வரம் ஸ்பாஞ்சுக்குள்ளேயே செத்துப்போகும்.

இங்கிருந்து எனக்குக் கிடைக்கும் முதல் தீர்ப்பு: நீங்கள் வாங்கப்போகும் பேஸின் பெயரைத் தீர்மானிப்பதற்கு முன்னால், உங்கள் ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைத் தீர்மானியுங்கள். குறுக்கி வாசிக்கிறவரா, நீட்டி வாசிக்கிறவரா? கை இயல்பாகக் கழுத்துப் பக்கம் போய் நிற்கிறதா, பிரிட்ஜ் பக்கமா? விரலா, பிக்கா, கட்டை விரலால் அடிக்கும் ஸ்லாப்பா? கைபேசியை ஸ்டாண்டில் வைத்து உங்கள் வலது கையைப் படம் பிடியுங்கள். பதில் அதில் இருக்கும்.

அதன் பிறகு கருவி எளிது. பிரசிஷனில் ஒரே பிக்-அப், இரண்டாகப் பிளந்தது. 1957-இலிருந்து இந்த அமைப்புதான். இரைச்சலைத் தானே அழித்துக்கொள்ளும், நடு ஒலி தடித்திருக்கும், எந்தக் கூட்டத்திலும் கேட்கும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸுக்குக் கழுத்து நட் பக்கம் ஒடுக்கம், பிக்-அப் இரண்டு. இரண்டையும் முழுக்கத் திறந்தால் ஒலி சுத்தம். பின்னதை மட்டும் திறந்தால் ஜாக்கோவின் அந்த மூக்கொலி வரும், கூடவே ‘ம்ம்ம்’ என்று மின் இரைச்சலும் வரும். நம்மூர் கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் எர்த் சரியில்லாத லைனில் வாசிக்கிறவர்கள் இதை அலட்சியம் செய்யக்கூடாது. 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில் உள்ளேயே பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப் இருக்கிறது. ஸ்லாப்புக்கும் அடித்து வாசிக்கும் ஃபங்க்குக்கும் அது முன்னால் வந்து நிற்கும். ஷீக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் கையில் அதன் அழகைக் கேட்கலாம்.

கை சிறியதா? வெட்கப்படாமல் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் எடுங்கள். பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் அந்த அளவுதான், அவர் ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஐந்தாவது கம்பி வேண்டுமா என்பதற்கு என் அளவுகோல் ஒன்றுதான்: நீங்கள் வாசிக்கும் பாட்டுகளில் ‘ஈ’ கம்பிக்குக் கீழே போகும் இடம் உண்மையில் இருக்கிறதா? திறந்த ‘ஈ’ 41 ஹெர்ட்ஸ், கீழே வரும் ‘பி’ 31 ஹெர்ட்ஸ். அந்த 31-ஐ வெளியே தள்ளும் ஸ்பீக்கர் உங்கள் மேடையில் இல்லை என்றால் அந்தக் கம்பி சும்மா கனம்தான்.

கனம் என்றதும் சொல்லிவிடுகிறேன். நாலு கிலோவுக்கு மேல் போகும் பேஸ்கள் நிறைய உண்டு. மூன்று மணி நேரக் கச்சேரியில் அது தோளில் தொங்கும். கடையில் நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து வாங்காதீர்கள். ஸ்ட்ராப் போட்டு எழுந்து நில்லுங்கள்; இடது கையை எடுத்துவிடுங்கள். கழுத்து தரையை நோக்கிச் சரிந்தால், அதைத் தாங்கிப் பிடிப்பதிலேயே உங்கள் இடது கை பாதி சக்தியைச் செலவழிக்கும்.

பினோ பலாடினோவைப் பற்றிச் சொல்லாமல் பெடல் பக்கம் போக முடியாது. வேல்ஸ் நாட்டுக்காரர். 1983-இல் பால் யங் பாடிய ‘வேர்எவர் ஐ லே மை ஹாட்’ பாடலின் தொடக்கத்தில் ஃபிரெட் இல்லாத ஸ்டிங்ரேயை ஒரு பாடகர் போலப் பாடவைத்தார். கூட இருந்தது பாஸ் கம்பெனியின் ஓசி-2 என்ற ஆக்டேவர் பெடல். வாசிக்கும் ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொன்றைச் சேர்த்துக் கொடுக்கும். அந்த ஒலியைக் கேட்டு உலகமே அவரை அப்படியே வாசிக்கக் கூப்பிட்டது. 2000-இல் டி ஏஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில் அதே மனிதர் பழைய ஃபெண்டர் பிரசிஷனை எடுத்து, ஃபிளாட்வவுண்ட் போட்டு, ஜேமர்சன் பக்கம் வந்துவிட்டார். தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி உட்காரும் அந்த வாசிப்புக்கு நீண்டு பாடும் கருவி ஒத்துவராது. தன்னைப் புகழ் பெறச் செய்த ஒலியைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டு கேட்கும் ஒலியை எடுக்க அசாத்தியத் தெளிவு வேண்டும். இன்றைய பேஸ் கலைஞர்களில் நான் மிகவும் மதிப்பது இந்தத் தெளிவைத்தான்.

ஓசி-2 விஷயத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். பலாடினோ அதை வைத்து வாசித்தது கழுத்தின் மேல்பகுதியில். ஆக்டேவர் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தைத்தான் பின்தொடரும்; மிகக் கீழே போனால் தடுமாறும். திறந்த ‘ஈ’ கம்பியில் போட்டால் அது தரவேண்டியது 20 ஹெர்ட்ஸ் சொச்சம், மனிதக் காதின் எல்லை. கீழேயே வாசிக்கிறவருக்கு இந்தப் பெடலால் ஒரு பயனும் இல்லை. மேலே ஏறி மெட்டு வாசிக்கிறவருக்கு இது வரப்பிரசாதம்.

டிஸ்டார்ஷனும் ஃபஸ்ஸும் பேஸுக்கு ஆபத்தான நண்பர்கள். ஓசையைக் கிழித்து மேல்சுரங்களைக் கொட்டும்போது அடித்தளம் மெலிந்துவிடும். தனியாக வாசிக்கும்போது மலைபோல் இருந்த ஒலி, டிரம்ஸ் ஆரம்பித்ததும் காணாமல் போகும். மெட்டாலிக்காவின் கிளிஃப் பர்ட்டன் 1984-இல் ‘ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்’ பாட்டைத் தொடங்கும் இடத்தைப் பலர் இன்றும் லீட் கிட்டார் என்றே நினைக்கிறார்கள். டிஸ்டார்ஷனும் வாவும் போட்ட பேஸ் அது. கழுத்தின் மேலே ஏறி வாசித்ததாலும், கீழே கிட்டார்கள் சுவர் எழுப்பியதாலும் அங்கே அடித்தளம் குறைந்தது தெரியவில்லை. ஆனால் மியூஸ் மூன்று பேர் குழு. அதில் பேஸ் வாசிக்கும் கிறிஸ் உல்ஸ்டன்ஹோம் ஃபஸ்ஸை மிதித்துவிட்டுக் கீழே வெறுமை விட்டால் பாட்டே விழுந்துவிடும். அதனால் சுத்தமான ஒலியை ஒரு வழியாகவும் கிழிந்த ஒலியை இன்னொரு வழியாகவும் விட்டுச் சேர்ப்பார். நீங்கள் வாங்கும் ஃபஸ்ஸில் ‘பிளெண்ட்’ என்ற குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பெடலைப் பேஸ்காரருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

என்வலப் ஃபில்டர் எனக்கு மிகப் பிடித்தது, காரணம் அது கையைப் பரீட்சை செய்யும். ஃபங்க் பேஸ் கலைஞர் பூட்சி காலின்ஸ் புகழ்பெறச் செய்த மியூட்ரான் III இந்த வகை. கம்பியை எவ்வளவு வலுவாகத் தட்டுகிறீர்களோ அவ்வளவு வாய் திறக்கும். பூட்சி முதல் தட்டில் ஓங்கி அடிப்பார், மற்றவற்றை விட்டுக்கொடுப்பார். ஆகவே பெடல் பேசுகிறது. எல்லா ஸ்வரத்தையும் ஒரே வலுவில் வாசிக்கிறவர் அதை மிதித்தால் ஒரே ‘வாவ்’ திரும்பத் திரும்பக் கேட்கும், அவ்வளவுதான். இந்த ஃபில்டருக்கு முன்னால் கம்ப்ரஸரை வைத்து இணைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கம்ப்ரஸர் வலுவையெல்லாம் சமன் செய்துவிட்டால் ஃபில்டருக்குப் படிக்க எதுவும் மிஞ்சாது. ஃபில்டர் முதலில், கம்ப்ரஸர் பிறகு.

கம்ப்ரஸரே வேண்டுமா என்றால், உங்கள் வாசிப்பைப் பதிவு செய்து கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஏற்ற இறக்கம் நீங்கள் நினைத்துச் செய்ததா, கை தவறியதா? நினைத்துச் செய்ததென்றால் பெடல் அதை அழிக்கும். கை தவறியதென்றால் மெட்ரோனோம் வைத்துப் பயிற்சி செய்வதுதான் சரியான மருந்து. ஸ்லாப் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் நான் தாராளமாகச் சம்மதிக்கிறேன். கட்டை விரல் அடிக்கும் சத்தத்துக்கும் விரல் இழுக்கும் சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் மேடையில் உண்மையாகவே தொந்தரவு.

நம் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிப்பவருக்குப் பெரும்பாலும் தனி ஆம்ப் கிடைப்பதில்லை, நேரே மிக்ஸருக்குப் போகிறது வயர். அங்கே உங்கள் ஒலியைத் தீர்மானிப்பது நீங்கள் பார்த்திராத ஒரு சவுண்ட்காரர். இளையராஜாவின் 80-களின் பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே ஓடும். அதை வாசிக்கும்போது வெறும் ‘தும் தும்’ மட்டும் சபைக்குப் போனால் பாட்டின் பாதி போயிற்று. ஆகவே நம்மூர் மேடைக்கு, பேஸை நேரே மிக்ஸரில் இணைக்க உதவும் நல்ல டி.ஐ. பிரீஆம்ப் பெடல் ஒன்று மற்ற எல்லா எஃபெக்டையும்விட முக்கியம். நடு ஒலியைக் கொஞ்சம் தூக்கி, உங்கள் ஒலியை நீங்களே செய்து அனுப்பலாம்.

கைபேசியில் டெமோ வீடியோ பார்த்துப் பெடல் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சிறிய ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வெளியே வராது. நீங்கள் கேட்பது மேல்சுரங்களை மட்டும். எந்தப் பெடல் அடித்தளத்தைத் தின்கிறது என்பதை அதில் கண்டுபிடிக்கவே முடியாது.

செலவை எந்த வரிசையில் செய்யலாம் என்று கேட்டால் என் பதில் இது. இருக்கிற பேஸை நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்துக் கழுத்து, கம்பி உயரம், இன்டொனேஷன் எல்லாவற்றையும் சரி செய்யுங்கள்; கடலோர ஈரத்தில் கழுத்து வளைவது சகஜம். பிறகு கம்பி மாற்றிப் பாருங்கள்: ரவுண்ட்வவுண்ட் போட்டவர் ஃபிளாட்வவுண்ட், ஃபிளாட் போட்டவர் ரவுண்ட். பிரிட்ஜ் பக்கம் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகிப் பாருங்கள், காசே ஆகாது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் கேரல் கே கம்பிகளின் மேல் ஃபெல்ட் துணியை மடித்து வைத்துக்கொண்டு பிக்கால் வாசித்தே பெயர் எடுத்தார். அதற்குப் பிறகு ட்யூனர், டி.ஐ. பிரீஆம்ப். எஃபெக்ட் பெடல் என்பது இவ்வளவுக்கும் அப்புறம், அதுவும் ஒரு சமயத்தில் ஒன்று. எதை வாங்குவதற்கு முன்னும் உங்கள் சொந்த பேஸைக் கடைக்கு எடுத்துப்போய், முடிந்தால் டிரம்ஸ் வாசிக்கும் நண்பரையும் கூட்டிப்போய், குழுவின் சத்தத்தில் வாசித்துப் பாருங்கள். அதற்கு இடம் கொடுக்காத கடையில் பணத்தை எடுக்க வேண்டாம்.