கற்பனை நன்று
மலையேற்ற எழுத்தும் 'நான்' என்ற சொல்லும்

2016ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அங்கு கால் பதித்த முதல் இலங்கையர் ஒரு பெண். அவருடன் புறப்பட்ட ஜொஹான் பீரிஸ் அம்முறை 8,400 மீற்றரிலிருந்து திரும்ப நேர்ந்தது. 2018இல் மீண்டும் சென்று ஏறினார். முதற்செய்தி வந்த வாரம் அதனை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அவ நம்மட ஆளா?"

"இலங்கை ஆள்" என்றேன்.

"அது தெரியும் சேர்" என்றான்.

அவன் கேட்டது வேறு. அதற்கு நான் பதில் சொல்லாமல், 'நான் ஏறிய மலை' என்று கட்டுரைத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதினேன்.

சீனன்குடாப் பிள்ளைகளுக்குப் பெரிய மலை தெரியாது. பற்றைக்காட்டுக்குள் கிடக்கும் பாறைகள் தெரியும். ஒரு மாணவி பாடசாலைக்குப் பின்னாலுள்ள பாறையில் ஏறியதை எழுதியிருந்தாள். செருப்பை எங்கே கழற்றினாள், எந்த வெடிப்பில் கால் வைத்தாள், மேலே நின்றபோது எண்ணெய்க் குதங்களும் பிரீமா ஆலையும் துறைமுகமும் எப்படித் தெரிந்தன என்பதெல்லாம் அதில் இருந்தன. கீழே சிவப்பு மையால் 'கற்பனை நன்று' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் கொப்பியுடன் வந்தாள். "கற்பனை இல்ல சேர். மெய்யாத்தான் ஏறின நான்."

அதே பாறையில் ஏறியதாக எழுதிய மூன்று பையன்களின் கொப்பிகளில் நான் அவ்வாறு எழுதவில்லை.

அன்று முதல் மலையேற்ற எழுத்துகளை வாசிக்கும்போது ஒரு கேள்வி கூடவே வருகிறது. 'நான் ஏறினேன்' என்று யார் சொன்னால் நாம் நம்புகிறோம்?

நம் மரபிலிருந்தே தொடங்கலாம். இப்னு பதூதா 1344இல் இலங்கை வந்து பாவாதமலை ஏறினார். ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கொன்றும் நான்கு யோகிகளையும் மூன்று பிராமணரையும் தன் ஆட்கள் பத்துப் பேரையும் கொடுத்தான். உணவு சுமக்கப் பதினைந்து பேரும் உடன் சென்றனர். ஏறுவோர் பற்றிக்கொள்ளும் பத்து இரும்புச் சங்கிலிகளையும் பயண நூல் குறிப்பிடுகிறது. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அங்கிருந்து கீழே பார்ப்பவர் விழுந்துவிடும் அச்சத்தில் கலிமாச் சொல்வார் என்பதே காரணம். வாசிக்கும்போது நமக்கும் கால் கூசுகிறது. ஆனால் சங்கிலிக்குக் கிடைத்த பெயர் அந்தப் பதினைந்து பேருக்குக் கிடைக்கவில்லை. அவர்களும் அதே சங்கிலியைத்தான் பிடித்தார்கள், முதுகில் சுமையோடு.

இதற்கு மாறான எழுத்தும் இந்நாட்டிலேயே உண்டு. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் ஏறி வந்தவர்கள் தாமே கவிதை கீறினர். பலர் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதினர். பரணவிதான 1956இல் பதிப்பித்த 685 பாடல்களுள் பெண்கள் எழுதியவையும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் பாறை ஏறியதற்கு அவளது எழுத்தே சாட்சி.

நவீன மலையேற்றத்தில் இச்சிக்கல் இன்னும் வெளிப்படையானது. 1953 மே 29இல் டென்சிங்கும் ஹிலாரியும் ஒரே கயிற்றில் பிணைந்து எவரெஸ்ட் ஏறினர். ஹிலாரிக்கு 'சேர்' பட்டம் கிடைத்தது; டென்சிங்குக்கு ஜோர்ஜ் பதக்கம். யார் முதலில் கால் வைத்தார் என்ற சர்ச்சை நாடுகளின் மானப் பிரச்சினையாயிற்று. எழுதத் தெரியாத டென்சிங் 1955இல் ஓர் அமெரிக்க எழுத்தாளரிடம் சொல்லித் தன் கதையை நூலாக்கினார். முன்னால் சென்றவர் ஹிலாரி என்று அதில் அவரே சொன்னார். இப்னு பதூதாவும் தன் பயணத்தைச் சொல்லித்தான் எழுதுவித்தார். சொல்ல வாய்ப்புக் கிடைத்த சுமைகாரன் எவ்வளவு நேர்மையாகச் சொல்கிறான் என்பதற்கு டென்சிங்கின் நூல் சான்று.

பெண்களின் கதை இன்னொரு விதம். எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் ஜப்பானின் ஜுங்கோ தபே, 1975இல். பணவுதவி கேட்டுச் சென்றபோது வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்கச் சொன்னார்கள் என்று அவரே கூறியிருக்கிறார். அம்மலை நிற்கும் நேபாளத்தின் பெண்ணொருத்தி, பசங் லாமு ஷெர்பா, உச்சியை அடைய 1993 ஆயிற்று. இறங்கும் வழியில் அவர் இறந்துபோனார்.

மேலைநாட்டுப் பாறையேறிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தடத்தில் முதலில் ஏறியவரே அதற்குப் பெயரிடுவார். இனத்தையும் பெண்களையும் இழிவுபடுத்தும் பெயர்கள் அவ்வாறு நிலைத்துவிட்டன. 2020இல் அமெரிக்காவில் பலத்த கண்டனம் எழுந்த பின்னரே பல மாற்றப்பட்டன. அதுவரை அத்தடங்களில் ஏற வந்த கறுப்பினத்தவரும் பெண்களும் அப்பெயர்களைச் சொல்லித்தான் வழி கேட்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 2022 ஒக்ரோபரில் சியோலில் நடந்த ஆசியப் போட்டியில் ஈரானிய வீராங்கனை எல்னாஸ் ரெகாபி தலை மறைக்காமல் ஏறினார். அது தற்செயலாக நேர்ந்தது என்று பின்னர் சொன்னார். அவரைப் புகழ்ந்தவர்களும் இகழ்ந்தவர்களும் தலையைப் பற்றியே எழுதினார்கள். கைகள் எந்தப் பிடியைப் பற்றின, சுவரை எவ்வாறு வாசித்தார் என்பதை நான் எங்கும் காணவில்லை. முக்காட்டோடு ஏறும் பெண்ணுக்கும் இதுவே நேர்கிறது. அவள் ஏறியதைவிட உடுத்ததே செய்தியாகிறது.

நமது சஞ்சிகைகளில் பெண்கள் எழுதும் கவிதைகளை நாம் வாசிக்கும் முறை இதிலிருந்து வேறுபட்டதா? அவள் 'நான்' என்று எழுதினால் ஒன்றில் அது அவளது சொந்த வாழ்க்கை என்று துருவுகிறோம். அல்லது கற்பனை என்று பாராட்டி ஒதுக்குகிறோம். ஆண் எழுதும் 'நான்' மட்டும் அனுபவமாகவும் தரிசனமாகவும் விமர்சனத்தில் இடம்பிடிக்கிறது. விமர்சகனின் சிவப்பு மை என் மையைவிட நாகரிகமானது, வேலை ஒன்றுதான்.

அன்று அம்மாணவியின் கொப்பியை வாங்கி 'கற்பனை' என்ற சொல்லை வெட்டினேன். 'நன்று' மட்டும் மிஞ்சியது. வெட்டிய கோடு தெரியத்தான் செய்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

பின்வாங்கு மாணவனின் கேள்விக்கு இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். 'அவ நம்மட ஆளா?' என்று கேட்கும் முன், 'நம்மட ஆள்' ஒருத்தி பாறை ஏறி வந்து சொன்னபோது நாம் நம்பினோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நான் நம்பவில்லை.