துண்டறிக்கைக்கு வெளியே நிற்பவர்கள்: அணுப்போர், குடிமைப் பாதுகாப்பு, பதுங்குகுழி

1

2025 மே 7 மாலை, நெல்லித்தோப்பில் ஒரு டீக்கடை. "சங்கு ஊதுனாங்களாமே, உனக்குக் கேட்டுச்சா?" என்று ஒருவர் கேட்டார். "மில்லையே இழுத்து மூடிட்டாங்க, இன்னும் இன்னா சங்கு?" என்றார் பக்கத்திலிருந்த பெரியவர். ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. அவர் நினைவில் சங்கு என்றால் ஷிப்டு. எழுந்திரு, ஓடு, வரிசையில் நில், வெளியே போ என்று உடலுக்குக் கட்டளையிடுகிற ஒலி அது. ஆகவே அவர் சொன்னது வெறும் நக்கல் இல்லை. போர்ச் சங்கும் அதே வேலையைத்தான் செய்கிறது.

அன்று 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் போர்க்கால ஒத்திகை நடத்தும்படி மத்திய உள்துறை அமைச்சகம் சொல்லியிருந்தது. சென்னை, கல்பாக்கம் ஆகியவற்றோடு புதுச்சேரியும் பட்டியலில் இருந்தது. அபாயச் சங்கை இயக்கிப் பார்ப்பது, பொதுமக்களுக்குப் பயிற்சி தருவது, விளக்கணைப்பது, முக்கிய ஆலைகளை மறைப்பது, மக்களை வெளியேற்றுவது: இந்த ஐந்தும் ஒத்திகையின் அங்கங்கள். ஆனால் அன்று அதிகாலையிலேயே பாகிஸ்தானிலிருந்த இலக்குகளை இந்தியா தாக்கிவிட்டது. நாடகம் தொடங்கிய பிறகு ஒத்திகை! அதே நாளில் பூஞ்ச் நகரில் பாகிஸ்தான் பீரங்கிக் குண்டுகளுக்குப் பொதுமக்கள் பலியானார்கள். எல்லையோர மாவட்டங்களில் 14,460 பதுங்குகுழிகள் கட்ட 2017இலேயே மத்திய அரசு ஒப்புதல் தந்திருந்தது. எங்கள் நகரத்துக்குப் பதுங்குகுழி எங்கே என்று பூஞ்ச் மக்கள் கேட்டார்கள்.

1998 மே மாதத்தில் அணுகுண்டு வெடித்துக் காட்டிய இரண்டு அரசுகள் மோதிக்கொண்ட அந்த நாட்களில் நம் சிறுபத்திரிகை நண்பர்கள் இரண்டே விதமாகத்தான் பேசினார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர், "குண்டு விழுந்தா எல்லாரும் சாம்பல், இதுல ஒத்திகை என்ன வேண்டிக்கிடக்கு" என்றார்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் கேள்விக்குள்ளாக்க விரும்புகிறேன். அதற்கு முன் அரசின் பிரதிகளைக் கொஞ்சம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

2

முதல் பிரதி 1968ஆம் ஆண்டுக் குடிமைப் பாதுகாப்புச் சட்டம். 1962 சீனப் போருக்குப் பிறகு உருக்கொண்ட கொள்கை இது. எதிரியின் தாக்குதலிலிருந்து ஆட்களையும் சொத்துக்களையும் காக்கிற, நேரடிப் போரில் சேராத எல்லா நடவடிக்கையும் குடிமைப் பாதுகாப்பு என்று சட்டம் வரையறுக்கிறது. இதற்குள் வராதது என்று ஏதாவது இருக்கிறதா? விளக்கும் ஒலியும் வரும், சாலையும் வாகனமும் வரும். குடிமைப் பாதுகாப்புக்குப் பாதகமான செய்தித்தாளையும் புத்தகத்தையும் அச்சிடாமல் தடுக்கவும் விதி செய்துகொள்ளலாம். அதாவது பாதுகாப்பைப் பற்றி எழுதப்படும் இந்தக் கட்டுரையும் அந்தப் பாதுகாப்பின் எல்லைக்குள்தான் இருக்கிறது. 2010இல் வந்த திருத்தம் பேரிடர் மேலாண்மையையும் இதற்குள் சேர்த்தது. அதன்பின் வெள்ளமும் குண்டும் ஒரே அலுவலகத்தின் கோப்புகளாகிவிட்டன.

கொள்ளைநோய் கண்ட நகரத்தைப் பற்றி மிஷல் பூக்கோ எழுதியது இங்கு நினைவுக்கு வரும். ஒவ்வொரு வீடும் பூட்டப்பட்டு, ஒவ்வொரு தலையும் எண்ணப்பட்டு, ஒவ்வொருவரும் ஜன்னலில் முகம் காட்ட வேண்டிய நகரம் அது. ஒழுங்கின் முழு வடிவத்தைப் பார்க்க ஆசைப்படும் ஆட்சியாளர்கள் கொள்ளைநோயைக் கனவு காண்கிறார்கள் என்பது அவர் வாதம். நம் காலத்தில் அந்தக் கனவின் பெயர் ஒத்திகை எனலாம். நோய் வரவேண்டியதில்லை, குண்டு விழவேண்டியதில்லை, சங்கு ஊதினால் போதும்.

இந்த வாசிப்பு சரிதான். ஆனால் போதாது. கண்காணிப்பு என்று சொல்லி முடித்துவிட்டால் எல்லா உடலும் ஒரே மாதிரி கண்காணிக்கப்படுவதாக ஆகிவிடும். சில உடல்களை அரசு எண்ணுவதே இல்லை. அவற்றைப் பற்றி என்ன சொல்வது?

3

இரண்டாவது பிரதி 2013 ஜனவரியில் காஷ்மீரில் வெளியானது. ஜம்மு காஷ்மீர் காவல்துறையின் குடிமைப் பாதுகாப்புப் பிரிவு நாளிதழ் ஒன்றில் கொடுத்த அறிவிப்பு அது. அணுகுண்டு விழுந்தால் என்ன செய்வது என்று மக்களுக்குச் சொன்னது. குடும்பம் முழுக்க இரண்டு வாரம் தங்கும்படி நிலவறை கட்டுங்கள். நிலவறை இல்லாதவர்கள் முன்முற்றத்தில் பதுங்குகுழி வெட்டுங்கள். கெடாத உணவும் தண்ணீரும் மெழுகுவர்த்தியும் சேர்த்து வையுங்கள். பதற்றம் கிளம்பியதும், இது வழக்கமான விழிப்புணர்வுதான், வேறு எதனுடனும் தொடர்புபடுத்த வேண்டாம் என்று அதிகாரிகள் விளக்கம் தந்தார்கள்.

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த 'இரண்டு வாரம்' யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னது அல்ல. அணுகுண்டு தரையருகே வெடித்தால் மண்ணும் புழுதியும் கதிரியக்கம் ஏறி மேலே போய், காற்றடிக்கும் திசையில் பல மைல் தூரத்துக்குத் தூசியாகப் படியும். அந்தத் தூசியின் கதிர்வீச்சு வேகமாகக் குறைகிறது. நேரம் ஏழு மடங்கானால் வீச்சு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகும் என்பது கணக்கு. வெடித்து ஒரு மணி நேரத்தில் இருந்த வீச்சு ஏழு மணி நேரத்தில் பத்தில் ஒன்று, இரண்டு நாளில் நூறில் ஒன்று, இரண்டு வாரத்தில் ஆயிரத்தில் ஒன்று. சுமார் 9 சென்டிமீட்டர் கெட்டியான மண் இருந்தால் உள்ளே வரும் கதிர் பாதியாகக் குறையும். கான்கிரீட் என்றால் 6 சென்டிமீட்டர் போதும். தலைக்கு மேல் மூன்றடி மண் இருந்தால் உள்ளே வருவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். வெடித்த இடத்துக்கு அருகில் இருப்பவர்களை இது காப்பாற்றாது. ஆனால் தூரத்தில், தூசி விழும் இடத்தில் இருப்பவர்களில் பலரைக் காப்பாற்றும்.

ஆக, அறிவியலாக அந்தத் துண்டறிக்கை பொய் சொல்லவில்லை. பிரதியாகத்தான் பொய் சொல்கிறது. அது யாரை நோக்கிப் பேசுகிறது? நிலம் வைத்திருப்பவரை. முற்றம் உள்ளவரை. பதினான்கு நாள் அரிசியை முன்கூட்டி வாங்க முடிந்தவரை. துண்டறிக்கையின் 'நீங்கள்' என்பது ஒரு வீட்டுச் சொந்தக்காரர். நெல்லித்தோப்பில் ஒரே அறையில் ஆறு பேர், தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, மாசம் பொறந்தா வாடகை என்று இருப்பவர் அந்த 'நீங்க'ளில் இல்லை. அவர் எதைத் தோண்டுவார்? மழைக்காலத்தில் தோண்டாமலேயே தண்ணி உள்ளே வருகிறது.

இது காஷ்மீர் போலீசின் தனிக்குறை அல்ல. 1961 ஜூலையில் அமெரிக்க அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் பேசி முடித்த கையோடு புறநகர் வீட்டுக்காரர்கள் கொல்லையில் பதுங்கறை கட்டத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டினால் சுடலாமா என்பதுவரை அங்கே விவாதம் நடந்தது. பிரிட்டிஷ் அரசு 1980இல் வெளியிட்ட கையேடு, வீட்டுக் கதவுகளைக் கழற்றி உட்சுவரில் சாய்த்து அதற்குள் பதினான்கு நாள் இருக்கச் சொன்னது. அதற்கு வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் எதிர்ப்பிரசுரம் எழுதினார். 1982இல் உள்ளாட்சி மன்றங்கள் பல மறுத்துவிட்டதால் அங்கே ஒரு தேசிய ஒத்திகையே கைவிடப்பட்டது. எல்லோருக்கும் பதுங்கறை என்பது முடியாத காரியமும் அல்ல. 1960களிலேயே சட்டம் போட்டுக் கட்டத் தொடங்கிய சுவிட்சர்லாந்தில் இன்று மக்கள் தொகையைவிட அதிகமான இடம் நிலத்தடியில் இருக்கிறது. பணக்கார நாடு, சரி. ஆனால் குண்டு செய்யப் பணம் இருக்கிற அரசு, பதுங்கறையை மட்டும் குடும்பத் தலைவரின் பொறுப்பில் விடுவது வறுமையால் அல்ல. பேரழிவு வீட்டுக் கடமையாக மாற்றப்படுகிறது. செத்தவன் தயாராக இல்லாதவன் என்று பிறகு சொல்லிவிடலாம்.

4

இப்போது நம் வாக்கியத்துக்கு வருவோம்: "எல்லாரும் சாம்பல்." கேட்பதற்குச் சமத்துவமாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன கணக்கு இதையும் பொய்யாக்குகிறது. எல்லாரும் சாவதில்லை. ஷீட்டுக்குக் கீழே இருப்பவரும் கான்கிரீட்டுக்குக் கீழே இருப்பவரும் ஒரே அளவு கதிரை வாங்குவதில்லை. வாழ்விலேயே இல்லாத சமத்துவத்தைச் சாவில் இருப்பதாகச் சொல்வது விரக்தியின் பெருங்கதையாடல். அரசு 'ஒவ்வொருவரும் தன்னைக் காத்துக்கொள்க' என்கிறது. நாம் 'யாரும் பிழைக்க மாட்டார்' என்கிறோம். இரண்டு வாக்கியங்களிலும் காணாமல் போகிறவர் ஒருவரே.

நம் ஊர் வரலாறே இதற்குச் சாட்சி. 1760இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது உணவு குறைந்தது. லல்லி ஒரு முடிவெடுத்தார். நவம்பர் கடைசியில் நகரத்திலிருந்த தமிழ் மக்கள் சுமார் 1,400 பேர், பெண்களும் குழந்தைகளுமாகக் கோட்டைக்கு வெளியே துரத்தப்பட்டார்கள். ஆங்கிலேயர் அவர்களை அந்தப் பக்கம் விடவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் திரும்பச் சேர்க்கவில்லை. இரண்டு துப்பாக்கி வரிசைகளுக்கு நடுவே, கிடைத்த வேரையும் தழையையும் தின்று நாட்கணக்கில் கிடந்தார்கள். பிறகுதான் ஆங்கிலேயர் வழி விட்டனர். 1761 ஜனவரியில் நகரம் வீழ்ந்தது, கோட்டை தரைமட்டமானது. அந்த மதில் இருந்த கோட்டில்தான் இன்று புல்வார் ஓடுகிறது. நெல்லித்தோப்பு அதற்கு மேற்கே, வெளியே இருக்கிறது. குடிமைப் பாதுகாப்பின் முதல் கேள்வி எப்படிக் காப்பது என்பதல்ல, யாரை வெளியே நிறுத்துவது என்பதுதான் என்று இந்த ஊர் 1760இலேயே பார்த்துவிட்டது.

பழைய கதை என்பவர்கள் 2004 டிசம்பர் 26ஐ நினைத்துக்கொள்ளலாம். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதும், ஒரே தண்ணீர்த் தொட்டியில் அவர்கள் தண்ணீர் எடுக்க மற்றவர்கள் மறுத்ததும் அப்போதே பதிவாயின. அலை போய்ச் சில நாட்கள்கூட ஆகவில்லை. மேலே அணுத்தூசி, கீழே ஒரு நிலவறை, பதினான்கு நாள், ஒரு குடம். அந்தக் குடத்தை யார் தொடலாம் என்பதற்கு எந்த ஒத்திகையிலும் பயிற்சி இல்லை.

கூடங்குளத்திலும் இதைப் பார்த்தோம். அணு உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் ஆரத்துக்கு அவசரகாலத் திட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. 2012 ஜூன் 9 அன்று ஒத்திகை நடந்தது நக்கனேரி என்ற சின்னஞ்சிறு உள்நாட்டுக் கிராமத்தில். உலையின் நிழலிலேயே கிடக்கும் இடிந்தகரைக் கடற்கரையில் அல்ல. எங்களை எந்த வழியாக வெளியேற்றுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் மீது தேசத்துரோக வழக்குதான் பாய்ந்தது. ஒத்திகையில் நடிக்க மக்கள் வேண்டும், அந்தப் பிரதியைத் திருத்த மக்கள் வரக்கூடாது.

5

தமிழில் 'பதுங்குகுழி' என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்தது எந்த அரசின் துண்டறிக்கையும் அல்ல. ஈழத்துத் தாய்மார்கள் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் விமானக் குண்டுவீச்சு தொடங்கிய பிறகு வீட்டு வளவிலும் பள்ளிக்கூடத்திலும் குழி வெட்டினார்கள். மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை வைத்தார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் கரையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறியது. மூட்டைக்குச் சாக்கு இல்லை, சேலைகளைத் தைத்து மண் நிரப்பினார்கள். அரசு அறிவித்த 'தாக்குதலற்ற வலயங்கள்' மீதே அரசின் குண்டுகள் விழுந்தன என்ற குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றும் சொன்னது.

அந்தக் குழி அணுகுண்டுக்கு வெட்டப்பட்டதல்ல, தெரியும். ஆனால் அது இரண்டு விஷயங்களை நமக்குச் சொல்கிறது. ஒன்று, மண் காக்கிறது. அந்தக் குழிகளால் பிழைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் நின்று 'எல்லாரும் சாம்பல்' என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு, 'பாதுகாப்பு' என்று அரசு கோடு போட்ட இடமே கொலைக்களமாகலாம். மக்கள் வெட்டிய குழியும் அரசு வரைந்த வலயமும் ஒன்றுக்கொன்று எதிரான பிரதிகள்.

ஆகவே ஒத்திகையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது நம் வேலையாக இருக்க முடியாது. அணுகுண்டே வேண்டாம் என்று சொல்வதுதான் முதல் நிலைப்பாடு, அதில் சமரசம் இல்லை. ஆனால் குண்டு ஒழியும்வரை ஷீட்டுக்குக் கீழே இருப்பவர் காத்திருக்க வேண்டும் என்பது நியாயமா? நெல்லித்தோப்பிலும் அதைச் சுற்றியும் கான்கிரீட் கூரையுள்ள கட்டடங்கள் எவை, அவற்றில் எத்தனை பேர் கொள்ளும், சாவி யாரிடம் இருக்கும், தண்ணீர் எங்கே, சாதி கேட்டுக் கதவைச் சாத்துகிறவர்மேல் என்ன நடவடிக்கை: இந்தப் பட்டியல் சுவரில் எழுதப்படட்டும். எழுதுகிறவர்கள் வாடகை அறைகளில் இருப்பவர்களாக இருக்கட்டும். அப்படி ஒரு பட்டியலை எழுத உட்கார்ந்தாலே, கொள்ளாத தலைகள் எத்தனை என்று கணக்கு வரும். அந்தக் கணக்குதான் குண்டுக்கு எதிரான நம் முதல் துண்டறிக்கை.

டீக்கடைப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "சரிப்பா, சங்கு ஊதுனா நான் எங்க போறது? அத்த மொதல்ல சொல்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை. சங்கு ஊதியவர்களும் அவருக்கு எதுவும் சொல்லவில்லை.