வெட்டி எடுக்க முடியாத சமாரியர்

ஒரே கதையுலகை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் படம்மேல் படமாக எடுக்கப்படும் ஹாலிவுட்டின் தொடர்படங்கள் இன்று நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. 'ஸ்டார் வார்ஸ்', 'எக்ஸ்-மென்', 'அவெஞ்சர்ஸ்' ஆகியவற்றின் நாயகர்களை நம் பங்குகளின் மறைக்கல்விச் சிறுவர்கள் திருத்தூதர் பன்னிருவரைவிட நன்கு அறிவார்கள் என்றால் அது மிகையன்று. 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழ் பேசி வந்தபோது அயர்ன் மேனுக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி, தமிழ் வசனம் ஏ.ஆர். முருகதாஸ். எனவே இப்படங்கள் நம் பிள்ளைகளிடம் என்ன சொல்கின்றன என்று கேட்பது நமக்குத் தொடர்பில்லாத அயல்நாட்டு விவகாரம் அன்று.

கடந்த பத்தாண்டுகளாக இப்படங்களைச் சுற்றி ஒரு சச்சரவு ஓயாமல் நடந்து வருகிறது. கேளிக்கையில் அரசியலைத் திணிக்கிறார்கள், கறுப்பரையும் ஆசியரையும் பெண்களையும் கணக்குக் காட்டவே சேர்க்கிறார்கள் என்று ஒரு சாரார் குமுறுகின்றனர். காலமெல்லாம் ஒதுக்கப்பட்டவர்களுக்கு இப்போதுதான் இடம் கிடைத்திருக்கிறது, இதில் குறை காண்போர் எல்லாரும் வெறுப்பாளரே என்று மறுசாரார் பதிலுரைக்கின்றனர். இரு சாராரும் கேட்க மறந்த வினா ஒன்று உண்டு: உள்ளே அழைத்து வரப்பட்டவருக்குக் கதையில் என்ன வேலை?

இவ்வினாவுக்கு நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதை அது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்வர் கையில் சிக்கி ஒருவர் குற்றுயிராய்க் கிடக்கிறார். குருவும் லேவியரும் விலகிப் போகின்றனர். யூதர் அருவருத்த இனத்தைச் சேர்ந்த சமாரியர் ஒருவர் நின்று உதவுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது கூர்மையான அரசியல் கதை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இது பரப்புரையாகச் சிறுத்துவிடவில்லை. ஏன்?

முதலாவதாக, சமாரியரை எடுத்துவிட்டால் கதையே இல்லை. எண்ணெயும் திராட்சை மதுவும் அவருடையவை, விலங்கு அவருடையது, சாவடிக்காரரிடம் கொடுத்த இரண்டு தெனாரியமும் அவர் பணம், திரும்பி வருவேன் என்னும் வாக்கும் அவருடையதே. இரண்டாவதாக, இயேசு எளிய வழியை நாடவில்லை. இரக்கத்தைப் போதிப்பது மட்டுமே நோக்கமாயின், அடிபட்டவரைச் சமாரியராகவும் உதவியவரை யூதராகவும் வைத்திருக்கலாம். கேட்டவர்கள் தங்கள் பெருந்தன்மையை எண்ணி மகிழ்ந்து வீடு திரும்பியிருப்பார்கள். இயேசு அதைத் தலைகீழாக்கினார். வெறுக்கப்பட்டவர் இரக்கத்தைப் பெறுபவராக அல்ல, கொடுப்பவராகவே வருகிறார். அதனால்தான், காயமுற்றவருக்கு அடுத்திருப்பவர் யார் என்ற வினாவுக்கு விடைசொன்ன திருச்சட்ட அறிஞர், 'சமாரியர்' என்னும் சொல்லையே நாவில் எடுக்காமல், இரக்கம் காட்டியவர் என்று சுற்றிவளைத்துச் சொன்னார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் வெளியிட்ட 'ஃபிரத்தெல்லி தூத்தி' என்னும் சுற்றுமடலில் ஓர் அதிகாரம் முழுவதையும் இக்கதைக்கே ஒதுக்கியது காரணமின்றி அன்று.

இந்த அளவுகோலுடன் திரைக்கு வருவோம். கேளிக்கையில் அரசியல் புதிதாகப் புகுந்துவிட்டது என்னும் முதல் குற்றச்சாட்டு வரலாறு அறியாதது. ஜார்ஜ் லூக்காஸின் முதல் 'ஸ்டார் வார்ஸ்' 1977இல் வெளிவந்தது. அதன் கொடுங்கோல் பேரரசைப் படைத்தபோது வியட்நாம் போரில் ஈடுபட்ட தம் சொந்த நாட்டையே மனத்தில் வைத்திருந்ததாக லூக்காஸ் கூறியுள்ளார். பிரையன் சிங்கரின் 'எக்ஸ்-மென்' (2000), 1944ஆம் ஆண்டுப் போலந்தில், நாசி வதைமுகாமின் வாயிலில் தாய் தந்தையரிடமிருந்து பிரிக்கப்படும் யூதச் சிறுவனின் அலறலோடு தொடங்குகிறது. இவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களே இன்று அரசியல் வேண்டாம் என்கிறார்கள். அவர்களை உறுத்துவது அரசியல்தானா, அல்லது அதைத் தாங்கி வரும் முகங்களின் நிறமா என்று கேட்கத் தோன்றுகிறது.

முகம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1977ஆம் ஆண்டுப் படத்தில் கருங்கவசம் அணிந்த டார்த் வேடரின் புகழ்பெற்ற குரல், கறுப்பின நடிகர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸுடையது. அவர் தம் பங்கைச் சிறிதென்று கருதிக்கொண்டதால் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. கவசத்துக்குள் நடமாடியவர் ஒரு வெள்ளையர். 1983இல் முகமூடி கழன்றபோது தெரிந்த முகமும் மற்றொரு வெள்ளையருடையது. அப்படத்தொடரின் மிக வலிமையான குரல் கறுப்பருடையதாயிருந்தும் அக்குரலுக்கு உரிய முகம் திரைக்கு வரவில்லை. இதை யாருடைய சதியென்றும் நாம் சொல்லவில்லை. அக்காலத்துக்கு அது உறுத்தவில்லை என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

2015இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' இக்குறையைத் தீர்க்கப் போவதாகத் தோன்றியது. நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த ஜான் பொயேகா அதில் ஃபின் என்னும் வீரனாக நடித்தார். சிறுவயதில் குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டவன். பெயர் இல்லை, எண் மட்டுமே. சாகும் தோழனின் இரத்தம் அவன் தலைக்கவசத்தில் விரல்தடமாய்ப் பதிகிறது. ஊராரைச் சுட்டுத்தள்ள ஆணை வரும்போது அவன் சுடுவதில்லை. பிறகு தப்பி ஓடுகிறான். உடன் தப்பிய நண்பன் எண்ணுக்குப் பதிலாக ஒரு பெயரைச் சூட்டுகிறான். மனச்சான்றின் விழிப்பையும் பெயர்பெறுதலையும் இவ்வளவு எளிமையாகச் சொன்ன காட்சிகள் வெகுசனத் திரையில் அரியவை. இங்கே அவனை நீக்கினால் கதை நொறுங்கிவிடும். சமாரியர் வந்துவிட்டார் என்றே நாம் நம்பினோம்.

நம்பிக்கை நிலைக்கவில்லை. முன்னோட்டத்தில் அவர் முகம் தெரிந்தவுடனேயே படத்தைப் புறக்கணிக்குமாறு சிலர் குரல் எழுப்பினர். சீனத்துக்கென அச்சிட்ட சுவரொட்டியில் அவர் உருவம் சிறுத்துப்போயிற்று. அடுத்தடுத்த படங்களில் அவர் பாத்திரமும் அவ்வாறே சிறுத்தது. 2019இல் வந்த இறுதிப் படத்தில் அவர் சொல்ல வந்த ஒன்றை முடிவுவரை சொல்லாமலே கதை முடிந்துவிடுகிறது. கறுப்பினப் பாத்திரத்தை மிக முக்கியமானதாக விளம்பரப்படுத்திவிட்டுப் பிறகு ஓரத்துக்குத் தள்ளக்கூடாது என்று பொயேகா 2020இல் ஒரு நேர்காணலில் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார்.

கெல்லி மேரி டிரான் கண்டது இதனினும் கசப்பானது. வியட்நாமிலிருந்து அகதிகளாய் அமெரிக்கா வந்தவர்களின் மகள் அவர். 2017இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஜெடை' படத்தில் ரோஸ் என்னும் இயந்திரப் பணியாளராக நடித்தார். போரில் அக்காளை இழந்தவள் ரோஸ்; பகைவர்மேல் மோதிச் சாகத் துணிந்த ஃபின்னைத் தன் உயிரைப் பணயம் வைத்துத் தடுக்கிறாள். வெறுப்பவரை வீழ்த்துவதைவிட அன்புக்குரியவரைக் காப்பதே பெரிது என்னும் நற்செய்தி மணம் வீசும் கருத்து அவள் வாயிலாகவே வருகிறது. அந்த நடிகையின் இனத்தையும் உருவத்தையும் பழித்து முன்பின் அறியாதவர்கள் எழுதிக் குவித்தார்கள். 2018இல் அவர் தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தையே வெறுமையாக்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளேட்டில் எழுதிய கட்டுரையின் முடிவில், லோன் என்பதே தம் உண்மைப் பெயர் என்று அறிவித்தார். திரையில் ஃபின்னுக்கு ஒரு நண்பன் பெயர் கொடுத்தான்; இவருக்கோ தம் பெயரைத் தாமே உரத்துச் சொல்லவேண்டியதாயிற்று. 2019ஆம் ஆண்டுப் படமோ இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் ரோஸ் தோன்றும் நேரம் இரண்டு நிமிடத்தைக்கூட எட்டவில்லை.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2012இல் டிஸ்னி நிறுவனம் லூக்காஸின் நிறுவனத்தை நானூறு கோடி டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கியது. இத்துணைப் பணம் போட்டவர்களுக்கு உலகின் எல்லாச் சந்தைகளும் வேண்டும். எல்லாரையும் மகிழ்விக்கும் பொருளில் கூரான பகுதி எதுவும் கழற்றி மாட்டத்தக்கதாகவே இருக்கும். அதே 2019ஆம் ஆண்டுப் படத்தின் வெற்றிக் கொண்டாட்டத்தில் இரு பெண்கள் முத்தமிடும் காட்சி நொடிப்பொழுது வந்து போகிறது. சிங்கப்பூரில் அது நீக்கப்பட்டது. காட்சியின் ஒழுக்கப் பொருளைப் பற்றித் திருச்சபையின் போதனையை நம் வாசகர் அறிவர்; இங்கே அதுவன்று வினா. நீக்கியபின் படத்தில் ஓர் இழைகூட அறுந்ததாகத் தெரியவில்லை. ஆதரிப்பவர்க்குக் காட்டவும் எதிர்ப்பவர்க்கு மறைக்கவும் வசதியான அளவில் ஒரு மனிதரைத் திரையில் வைப்பது அவரை மதிப்பது ஆகாது.

எல்லாம் இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. ரையன் கூக்லர் இயக்கிய 'பிளாக் பேந்தர்' (2018) நம் அளவுகோலுக்கு முன் தலைநிமிர்ந்து நிற்கிறது. காலனியாட்சிக்கு உட்படாத கற்பனை ஆப்பிரிக்க நாடு வகாண்டா. மறைந்த சாட்விக் போஸ்மன் நடித்த அதன் இளம் அரசர் சல்லாவை எதிர்த்து நிற்பவன், அமெரிக்காவின் ஓக்லண்டில் அநாதையாய் வளர்ந்த அவருடைய உறவினன். உலகெங்கும் நம் இனம் துன்புற்றபோது இத்தனை செல்வத்தை ஒளித்து வைத்துக்கொண்டு எங்கே இருந்தீர்கள் என்பதே அவன் கேள்வி. வழி தவறியவன் கேட்டாலும் கேள்வி தவறன்று. அரசர் இறுதியில் தம் முன்னோரை நோக்கி நீங்கள் செய்தது பிழை என்று சொல்லத் துணிகிறார். உள்ளவர் இல்லாதவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்னும் இந்த வழக்கு கறுப்பர்களுக்குள்ளேயே நடக்கிறது. அவர்களை நீக்கிவிட்டால் திரையில் எஞ்சுவது ஏதுமில்லை. உலகெங்கும் நூற்று முப்பது கோடி டாலருக்கும் மேல் வசூலித்த இப்படம், துணிவு வணிகத்துக்குப் பகை என்னும் சாக்கையும் பொய்யாக்கியது.

அதிலும் ஒரு நெருடல் உண்டு. கறுப்பரின் கிளர்ச்சிக்கு ஆயுதம் ஏற்றிச் செல்லும் வானூர்திகளைச் சுட்டு வீழ்த்தும் நல்லவராக அமெரிக்க உளவுத்துறை அலுவலர் ஒருவர் காட்டப்படுகிறார். காங்கோவின் தலைவர் பத்ரிஸ் லுமும்பாவை நஞ்சிட்டுக் கொல்ல அதே உளவுத்துறை 1960இல் திட்டமிட்டதை அமெரிக்க மேலவைக் குழுவே 1975இல் வெளிப்படுத்தியது. ஆப்பிரிக்காவுக்காகப் பேசும் படம் அந்த இடத்தில் மட்டும் வாய்மூடிவிடுகிறது.

இன்னொரு பாத்திரம் நமக்கு நெருக்கமானது. 'எக்ஸ்-மென்' வரிசையின் இரண்டாம் படத்தில் (2003) வரும் நைட்கிராலர் நீலத் தோலும் வாலும் கொண்டவர்; பார்ப்போர் பேயென்று அஞ்சுவர். அவரோ செபமாலை ஏந்திய கத்தோலிக்கர். தம் பாவங்களை எண்ணித் தம் உடலிலேயே வடுக்கள் கீறிக்கொண்டவர். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தாவினால் சுவருக்குள் சிக்கிச் சாக நேரலாம் என்று அஞ்சும் அவர், இறுதியில் பிறரைக் காக்க அப்படியே தாவுகிறார். காணாததை நம்பிக் காலெடுத்து வைப்பதுதானே விசுவாசம்! அவருடைய சமயம் அணிகலனாக ஒட்டப்படவில்லை. கதையே அதன்மேல் நிற்கிறது. ஆனால் 2006இல் வந்த அடுத்த படத்தில் அவர் இல்லை. ஏன் இல்லை என்று அப்படம் சொல்லவும் இல்லை. நம்மைச் சேர்ந்தவர் ஒருவர் சொல்லாமல் நீக்கப்படும்போது தைக்கும் அந்த முள்ளை, பிறர் தம்மவருக்காக முறையிடும்போதும் நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

இனி நம் வீட்டையும் நோக்குவோம். ஞானிகள் எத்தனை பேர் என்றோ என்ன நிறத்தினர் என்றோ மத்தேயு எழுதவில்லை. மூவர் என்பதும் அவருள் ஒருவர் கறுப்பர் என்பதும் மரபு சேர்த்தவை. 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஓவியங்களில் அக்கறுப்பு அரசர் பரவலாகத் தோன்றுகிறார். எல்லா இனத்தாரும் அக்குழந்தையிடம் வருகின்றனர் என்று சொல்லவே கலைஞர்கள் அவரை அங்கே நிறுத்தினர். ஆகவே முகங்களைச் சேர்ப்பது தவறென்று சொல்ல நமக்கு வாயில்லை. ஆனால் குடிலில் கறுப்பு அரசரை வைத்து மகிழும் நாம், கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மரியாவாக நடிக்க யாரைத் தேர்கிறோம்? வானதூதருக்குச் சிவந்த பிள்ளை, ஏரோதின் படைவீரனுக்குக் கறுத்த பிள்ளை என்று யாரும் சட்டம் எழுதவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் பல மேடைகளில் அப்படியே நடந்துவிடுகிறது. எந்தத் தெருப் பிள்ளைக்கு வசனம், எந்தத் தெருப் பிள்ளைக்குத் திரை இழுக்கும் வேலை என்பதையும் சேர்த்துக் கேட்டால் டிஸ்னியைக் குறைசொன்ன நம் குரல் சற்றுத் தாழும்.

திருச்சட்ட அறிஞர் விடையைச் சரியாகவே சொன்னார். இயேசு அவரைப் பாராட்டி அத்துடன் அனுப்பிவிடவில்லை. போய் அவ்வாறே செய்யுமாறு பணித்தார். திரைப்படங்களைப் பற்றி நாம் கண்ட விடைக்கும் அது பொருந்தும். வரும் டிசம்பரில் நாடகத்துக்குப் பாத்திரம் பகிரும் நாளில், வழக்கமாகத் திரை இழுக்கும் பிள்ளையை முன்னே அழைத்து மரியாவின் வசனத்தை அவள் கையில் கொடுத்துப் பார்ப்போம்.