டி. ரி. நைல்ஸின் நற்செய்திக் கோட்பாடும் ஊவாப் பெருந்தோட்டமும்

ஈழத்துக் கிறிஸ்தவச் சிந்தனை வரலாற்றில் தானியேல் தம்பிராஜா நைல்ஸ் (1908–1970) பெறும் இடம் முதன்மையானது. தெல்லிப்பழையிற் பிறந்து, பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியிற் பயின்று, மெதடிஸ்த திருச்சபையின் போதகரான அவர், 1948 ஓகஸ்ட் 22இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்க ஆராதனையிற் பிரசங்கித்தார். 1968இல் உப்சாலாவில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றவிருந்த தொடக்கப் பிரசங்கமும், கிங் கொலையுண்டமையால், அவரிடமே வந்தது. இப்புகழை மீளவும் எடுத்தோதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நமுனுகுல மலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து நோக்குமிடத்து அவரது கோட்பாடு எத்தகைய பெறுமதி உடையது என்பதே இங்கு வினா.

நற்செய்தி அறிவித்தலை, உணவு கிடைக்குமிடத்தை இரவலன் ஒருவன் சக இரவலனுக்குச் சொல்லும் செயலாக நைல்ஸ் விளக்கினார். பிரசங்கி உணவின் உடைமையாளன் அல்லன். கேட்போனுடன் ஒரே வரிசையில் நிற்பவன். மலையகச் சூழலில் இக்கருத்து ஒரு பாய்ச்சல் எனலாம். 1854இல் தோட்டத்துரைமாரின் ஆதரவோடு தோன்றிய ஆங்கிலிக்க அமைப்பு ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்றே பெயர் பூண்டது. கேட்போரின் சமூக நிலையை அப்பெயரே விதித்துவிட்டது. துரையின் அனுசரணையோடு லயத்துக்கு வரும் உபதேசியார், கேட்போரின் வரிசையில் நிற்பது எளிதன்று.

ஆயினும் இவ்வுருவகத்துக்கு ஓர் எல்லை உண்டு. இரவலனின் குறை அறியாமையே என்று அது கொள்கின்றது. வழி தெரிந்தாற் பசி தீரும். தோட்டத் தொழிலாளிக்கோ செல்வம் இருக்குமிடம் நன்கு தெரியும். கொழுந்து நிறுக்கும் தராசில் அவள் அதனை நாள்தோறும் காண்கிறாள். அவள் பசி அறியாமையால் விளைந்ததன்று. கூலியாலும் சட்டத்தாலும் விளைந்தது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற தொகுதிகளுள் பதுளையும் ஒன்று. ஆம்ஸ்டர்டாம் பிரசங்கம் நிகழ்ந்த அதே ஓகஸ்ட் மாதத்திலேயே, கொழும்புப் பாராளுமன்றத்திற் பிரஜாவுரிமைச் சட்டமூலம் விவாதிக்கப்பட்டது. நவம்பர் 15இல் அது நடைமுறைக்கு வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. உலகத் திருச்சபைகள் ஒன்றுகூடிய வேளையில் ஒரு மக்கட்கூட்டம் நாடற்றதாக்கப்பட்டமை தற்செயலான கால ஒற்றுமையே. எனினும் ‘உலகம்’ என்ற சொல்லைக் கையாளும் எந்த இறையியலும் இவ்விரு நிகழ்வுகளையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

மொழியும் கருதத்தக்கது. 1957இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய லைமன் பீச்சர் சொற்பொழிவுகள் உட்பட, அவரது பிரதான நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழ் முதலான ஆசிய மொழிப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்று, கிழக்காசியக் கிறிஸ்தவ மகாநாட்டின் பாடனூலை உருவாக்கியமை அரிய பணி. ஆனால் அப்பயணத்தின் திசை, தமிழ் மட்டுமே வாசிக்கும் தொழிலாளியை நோக்கியதன்று.

இவை கொண்டு நைல்ஸை நிராகரித்தல் வரலாற்று நோக்காகாது. பிரசங்கியை இரவலனின் வரிசையில் நிறுத்திய அவரே, அவரையும் அவரது திருச்சபையையும் மதிப்பிடுதற்கான அளவுகோலைத் தந்துள்ளார். அவ்வரிசை நமுனுகுல லயத்தின் வாசல்வரை நீளும்போதே அவரது கோட்பாடு முழுமை பெறும்.