பிறர்நலம் என்பது யார் நலம்? சமூகவியல் கைடுகளை முன்வைத்து

பருவத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சமூகவியல் மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். நான் தமிழ்த்துறை. அவள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். கையில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட கைடு இருந்தது. அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ‘பிறர்நலத் தற்கொலை’ என்றும் அதன் கீழே எடுத்துக்காட்டாக ‘உடன்கட்டை ஏறுதல்’ என்றும் அச்சாகியிருந்தது.

“புருஷன் செத்ததும் பொண்டாட்டியும் சாகறதுல யாருக்கு மேடம் நல்லது?”

சொல்லுக்குப் பொருள் கேட்டுத்தான் வந்தாள். ஆனால் அவள் கேட்டது கோட்பாட்டின் அடிமடியிலேயே கை வைக்கும் கேள்வி. அன்றிலிருந்து அவள் கைடையும், அதுபோன்ற வேறு சில அறிமுக நூல்களையும் வாசித்து வருகிறேன்.

கைடு என்றாலே முகம் சுளிக்கிற பேராசிரியர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணுக்கு நூலகத்தின் ஆங்கிலத் தடிநூலைவிட, பஸ்ஸில் மடியில் வைத்துப் படிக்க முடிகிற இந்த ஸ்பைரல் புத்தகம்தான் உதவுகிறது. அறிமுக நூல் எளிமையாக இருப்பது குற்றமில்லை. எதை எதற்குப் பக்கத்தில் வைக்கிறது, எதை எதனிடமிருந்து பிரித்து வைக்கிறது என்பதே என் கேள்வி.

எமில் துர்க்கைம் 1897இல் வெளியிட்ட ‘தற்கொலை’ நூலைக் கைடுகள் ஒரு கட்டத்துக்குள் அடக்கிவிடுகின்றன. சமூகத்தோடு தனிமனிதருக்குள்ள இணைப்பு குறைந்தால் ஒரு வகை, மிகுந்தால் இன்னொரு வகை. சமூகத்தின் கட்டுப்பாடு தளர்ந்தால் மூன்றாவது வகை, இறுகினால் நான்காவது. இணைப்பு மிகுந்து, தன்னைவிடச் சமூகமே பெரிதென்று உயிரை விடுவது ‘பிறர்நலத் தற்கொலை’. கணவன் இறந்தபின் மனைவி சாவதைத் துர்க்கைமே இதற்குள்தான் வைத்தார். ஆகவே கைடு தவறாகச் சொல்லவில்லை. துர்க்கைம் சொன்னதை ஒப்பிக்கிறது.

நான்காவது வகையைக் கைடுகள் ‘விதிவசத் தற்கொலை’ என்று ஒரு வரியில் முடிக்கின்றன. துர்க்கைமும் அதற்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் தரவில்லை. எதிர்காலமே அடைபட்டு, இரக்கமற்ற கட்டுப்பாட்டால் நெரிக்கப்படுகிறவர்களின் சாவு அது. அவர் அங்கே குறிப்பிடும் ஆட்கள் மிக இளவயதில் மணமான கணவர்கள், குழந்தையில்லாத மணமான பெண்கள், அடிமைகள். சமகாலத்தில் இதற்கு அவ்வளவு முக்கியத்துவம் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். குழந்தையில்லாத மருமகளுக்கு நம் ஊர் வீடுகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்த எவராலும் அந்த அடிக்குறிப்பைக் கடந்து போக முடியாது. அதே நூலில் அவர் புள்ளிவிவரங்களை வைத்துத் திருமணம் மனைவியைவிடக் கணவனையே அதிகம் காப்பாற்றுகிறது என்றும் கண்டார். காரணம் சொல்லும்போது மட்டும் பெண்ணின் இயல்பூக்கத்தில் போய்ச் சாய்ந்துகொண்டார். இவை எதுவும் கைடில் இல்லை.

கணவன் சிதையில் ஏறும் பெண் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தவள்? இதற்குத் தமிழில் ஒரு சாட்சி இருக்கிறது. புறநானூற்றின் 246ஆம் பாடலில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு, தன்னைத் தடுக்கும் சான்றோரிடம் கோபத்தோடு பேசுகிறாள். நெய்யில்லாத உணவு, கீரை, பாயில்லாத கல் படுக்கை என்று கைம்மை நோன்பின் விதிகளை அடுக்கி, அப்படி வாழ்கிறவள் நான் இல்லை என்கிறாள். அவள் முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். தீ ஒன்று, உயிரோடிருந்து தேய்வது இன்னொன்று. மூன்றாவது வழியை அந்தச் சான்றோரும் அவளுக்குக் காட்டவில்லை. இந்தப் பேச்சில் பிறர்நலம் எங்கே இருக்கிறது? இது அந்த அடிக்குறிப்புக்குரிய சாவு.

இதை எழுதும்போது எனக்குக் குற்றவுணர்வும் உண்டு. இந்தப் பாடலைப் பல ஆண்டுகள் ‘கற்பின் சிறப்பு’ என்று தலைப்புப் போட்டுத்தான் நடத்தினேன். தொகுத்தவர்கள் இதற்கு ‘ஆனந்தப்பையுள்’ என்று துறை வகுத்தார்கள். கணவனை இழந்த மனைவியின் துயரம் என்று அதற்குப் பொருள் சொல்லிக் கடந்துவிடுவேன். துயரம் என்ற பெயருக்குள் அவளுடைய கோபம் மறைந்துபோனதை நான் கவனிக்கவில்லை. பெயர் சூட்டி அடக்குவதில் தமிழ்த்துறைக் கைடுக்கும் சமூகவியல் கைடுக்கும் பெரிய வேறுபாடில்லை.

துர்க்கைமின் நூல் வந்து 19 ஆண்டுகள் கழித்து, 1916 மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது மாணவர் ஒருவர் ஒரு கட்டுரை வாசித்தார். அவர் அம்பேத்கர். கட்டுரை ‘இந்தியாவில் சாதிகள்’. சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். ஒரு சாதிக்குள்ளேயே மணம் நடக்க வேண்டுமென்றால் ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருந்தாக வேண்டும். கணவன் இறந்தால் மனைவி ‘உபரி’ ஆகிறாள். அவள் வேறு சாதியில் மணந்தால் எல்லை உடையும். சொந்தச் சாதியிலேயே மறுமணம் செய்தால் இன்னொரு பெண்ணுக்குரிய மாப்பிள்ளை போய்விடுவான். எனவே அவளைக் கணவனோடு எரிப்பது ஒரு வழி, கட்டாய விதவையாக்குவது மறுவழி. மனைவியை இழந்த ஆணும் உபரிதான். ஆனால் அவனை எரிக்க மாட்டார்கள், துறவியாக்குவதும் சாதிக்கு நட்டம். ஆகவே இன்னும் மணவயது வராத சிறுமியை அவனுக்குக் கட்டிவைப்பார்கள். உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் மூன்றும் ஒரே இயந்திரத்தின் பாகங்கள் என்று காட்டியது அந்தக் கட்டுரை.

பெருங்கோப்பெண்டு சொன்ன இரண்டு வழிகளும் இதில் அப்படியே இருக்கின்றன. “யாருக்கு மேடம் நல்லது?” என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. நலம் சாதியின் எல்லைக்கு.

பிறகு ஏன் அவள் கைடில் இது இல்லை? அவளிடமே கேட்டேன். “அம்பேத்கர் அடுத்த செமஸ்டர்ல, இந்தியச் சிந்தனையாளர்கள் பேப்பர்ல வர்றாரு மேடம்” என்றாள். அந்தக் கைடையும் வாங்கிப் பார்த்தேன். பிறப்பு, கல்வி, அரசியலமைப்பு, மதமாற்றம், தீண்டாமை ஒழிப்பு எல்லாம் இருந்தன. ‘உபரிப் பெண்’ இல்லை. ஐரோப்பியர் கோட்பாட்டுத் தாளில் இருக்கிறார், அம்பேத்கர் சீர்திருத்தத் தாளில் இருக்கிறார், பெண்கள் விருப்பப் பாடத்தில் இருக்கிறார்கள். மூவரும் ஒரே பக்கத்தில் சந்திக்க வழியே இல்லை.

இந்தப் பிரிவினை உள்ளூர்க் கைடுகள் கண்டுபிடித்ததில்லை. மேற்கின் மதிப்புமிக்க அறிமுக நூல்களும் இப்படித்தான். அமெரிக்கச் சமூகத்தை ஆராய்ந்த டோக்வில்லுக்கு ரேமோன் ஆரோன் தன் நூலில் தனிப் பகுதி ஒதுக்கினார். அதே 1830களில் அமெரிக்கா சென்று, 1837இல் ‘அமெரிக்காவில் சமூகம்’ எழுதி, அங்கே பெண்களுக்கு அரசியலில் இருப்பே இல்லை என்று காட்டிய ஹேரியட் மார்ட்டினோவுக்கு அப்படி ஒரு பகுதி இல்லை. சமூகத்தை எப்படி உற்றுநோக்குவது என்று அவர் நூல் எழுதியது 1838இல். துர்க்கைமின் முறையியல் நூல் வந்தது 1895இல். கைடுகள் மார்ட்டினோவின் பெயரைச் சொன்னால், கோம்த்தை ஆங்கிலத்தில் சுருக்கி மொழிபெயர்த்தவர் என்று மட்டும் சொல்கின்றன. லெங்கர்மன், நீப்ரூகெ என்ற இரு பெண்கள் 1998இல் சமூகவியலின் பெண் நிறுவுநர்களுக்கென்றே ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. இந்தியாவில் சமூகவியலாளர் ஷர்மிளா ரெகே 2013இல் அம்பேத்கரின் எழுத்துகளைப் பார்ப்பனிய ஆணாதிக்கம் பற்றிய கோட்பாடாகத் தொகுத்துத் தந்தார். அந்த ஆண்டே அவர் மறைந்தார். எங்கள் கைடுகளுக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை.

தருமபுரியில் இது வெறும் பாடத்திட்டச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீரனுக்குப் பக்கத்தில் பெண்ணையும் செதுக்கிய சதிக்கற்கள் இருக்கின்றன. பிளஸ் டூ முடிக்குமுன் கல்யாணமாகிப் போன தோழி இல்லாத மாணவி என் வகுப்பில் குறைவு. 2012 நவம்பர் 7 அன்று, ஆதிக்கச் சாதிப் பெண்ணும் தலித் இளைஞரும் செய்துகொண்ட திருமணத்தை ஒட்டி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. அகமணம் எப்படிக் காக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எந்த நாட்டு நூலில் கிடைக்கும்? அந்த ஊர்களைத் தாண்டி பஸ்ஸில் வருகிற பிள்ளைகளும் என் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர்களின் கைடில் ‘அகமணம்: ஒரே குழுவுக்குள் மணம் செய்துகொள்ளும் வழக்கம்’ என்று இருக்கிறது. இரண்டு மதிப்பெண்.

அறிமுக நூல் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம்தான். துர்க்கைமை நீக்க வேண்டாம். உடன்கட்டையை எடுத்துக்காட்டும் அதே பக்கத்தில் அந்த அடிக்குறிப்பையும், 1916இன் கட்டுரையையும் வையுங்கள். ‘பிறர்நலம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். கடைசியில் ‘பெண்ணியக் கோட்பாடு’ என்று ஓர் அத்தியாயத்தை ஒட்டவைப்பதைவிட அது அதிகம் கற்றுத்தரும்.

அன்று இவ்வளவையும் அவளிடம் பேசி முடிக்கும்போது மணி நான்கு. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. நோட்டில் ‘உபரிப் பெண்’ என்று எழுதி அடிக்கோடிட்டவள், “எங்க ஊர்ல தீப்பாஞ்ச அம்மன் கோயில் இருக்கு மேடம், வருஷா வருஷம் பொங்கல் வைப்போம்” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “இதையெல்லாம் எழுதுனா மார்க் போடுவாங்களா?”

கைடில் உள்ளதை முதலில் எழுது, அதன் கீழே உன் கேள்வியையும் எழுது என்றேன். மார்க் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.