விற்ற பங்குகளும் திருச்சபையின் சாட்சியும்

2010 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபை, வேதாந்தா நிறுவனத்தில் தனக்கிருந்த ஏறத்தாழ 38 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பங்குகளை விற்றது. ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்ட முனைந்த அந்நிறுவனம், அங்கு வாழும் டோங்கிரியா கோந்து மக்களின் உரிமைகளை மதிக்கவில்லை என்பதே காரணம். இச்செயலை நாம் மதிக்கிறோம். ஆயினும், கறைபட்ட பணத்தினின்று கை சுத்தமாயிற்று என்பதற்காக அல்ல. கைகழுவிய தேசாதிபதியையும் நாம் அறிவோமன்றோ! சந்தையில் விற்ற பங்கை வேறொருவர் வாங்கிக்கொள்கிறார். நிறுவனத்தின் கையிருப்பில் ஒரு காசும் குறைவதில்லை. பங்குதாரருக்குரிய வாக்கும் கைவிட்டுப் போகிறது. ஆனால் திருச்சபை முதலில் நிறுவனத்தோடு பேசிப் பார்த்தது. பயன் காணாமையால், காரணத்தை உலகறியச் சொல்லி விற்றது. அவ்வாறு சொன்னதிலேதான் அச்செயலின் மதிப்பைக் காண்கிறோம். சுரங்கத்தைத் தடுத்தவர்களோ, உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 2013இல் கூடி ஒருமனதாய் மறுப்புரைத்த 12 மலைக்கிராமத்தார்.